சார்ஜன்ட் பிழைத்த அத்தியாயம்

எங்கள் வாசகர் வட்டத்தில் அவருக்கு ‘அறிவிப்பு அக்கா’ என்று பெயர். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பயணிகள் முகம் சுளிப்பார்களே என்று தாமதத்தை ஒரு நிமிடம்கூடக் குறைத்துச் சொன்னதில்லை. கணவர் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். அவருடைய பார்வை மங்கிய பிறகு செய்தித்தாள், வங்கிக் கடிதம், மாத்திரை உறையில் இருக்கும் எழுத்து எல்லாம் அக்காவின் குரல் வழியாகத்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்தன.

பிரிட்டிஷ் போலீஸ் துப்பறியும் நாவல் வரிசை ஒன்றை வட்டத்தில் படித்து வந்தோம். ஒரே பிரதி. அது கைமாறி எல்லோரும் முடித்த பிறகு சலவைக்கடை மாடியில் கூடுவோம். வாசல் பக்கத்திலிருந்து வரிசையாக ஒவ்வொருவரும் கருத்துச் சொல்லியாக வேண்டும், நழுவ முடியாது. ஆபரேட்டருக்கு இன்ஸ்பெக்டரைவிட சார்ஜன்ட் மேல்தான் பிரியம். தொலைபேசியில் பேசியே பாதி வழக்கை முடித்துவிடும் ஆள் அந்த சார்ஜன்ட். புதிதாக வந்த புத்தகத்தில் அவர் குண்டடிபட்டு இறந்துபோகிறார்.

அக்கா ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசிப்பார். அந்த இடம் வந்தபோது, “ஆஸ்பத்திரியில கண்ணத் திறந்துட்டாராம்” என்று சொல்லிவிட்டு, அடக்கம் நடக்கும் அத்தியாயத்தைத் தாண்டிவிட்டார். கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த வாரம் அது.

கூட்டத்தன்று கணவரை மேலே உட்காரவைத்துவிட்டு, மாடிப்படியில் நின்று எங்களை ஒவ்வொருவராக மடக்கினார்.

“செத்தவரை எப்படிம்மா உயிரோட வச்சுப் பேசறது?” என்றார் தையல்காரர்.

“கொலைகாரனப் பத்திப் பேசுங்களேன் அண்ணே.”

“நாளைக்கு அவருக்குத் தெரிஞ்சா?”

“அப்புறம் நான் வாசிக்கிற எதையும் நம்ப மாட்டாரு. அதான் கெஞ்சறேன்.”

தையல்காரர் தன் முறை வந்ததும் இன்ஸ்பெக்டருடைய மேல்கோட்டைப் பற்றியே பேசினார். தோள்பட்டை சரியாக அமையாத கோட்டோடு ஒருவன் சுவரேறிக் குதிக்க முடியாதாம். மருந்துக்கடைக்காரர் விஷத்தின் அளவைப் பற்றித் தொடங்கி, சார்ஜன்ட் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட, இருமி முழுங்கினார். அக்கா முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

அடுத்தது ஆபரேட்டர்.

“சார்ஜன்ட் பிழைச்சது எனக்குச் சந்தோஷம்தான். ஆனா நம்ப முடியல. நெஞ்சுல குண்டு வாங்கினவன் எப்படிங்க எழுந்து உக்காருவான்? எழுதினவரு நம்மள ஏமாத்தறாரு.”

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் மாஸ்டர் எப்போதும் தாமதமாகத்தான் வருவார். கதவைத் திறந்துகொண்டு நுழைந்தவர் காதில் இது விழுந்துவிட்டது.

“யாரு சார் பிழைச்சது? அவருக்குத்தான் மண்ணள்ளிப் போட்டுட்டாங்களே! நான் அழுதே போயிட்டேன்.”

கீழே இஸ்திரிப் பெட்டி ஈரத் துணியில் சீறும் சத்தம் கேட்டது. ஆபரேட்டர் மனைவி பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“டாக்டர் உன்ன மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினாரே. இடது கண்ணுல இருக்கிற வெளிச்சம் தங்கும்னு வந்து சொன்னியே. அதுவும் இப்படித்தானா?”

“கதைதானே சார், விடுங்க” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“நீங்க சும்மா இருங்க. அவ சொல்லட்டும்.”

அக்கா மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார். “தங்கலாம், தங்காமலும் போகலாம், இப்போ எதுவும் சொல்ல முடியாதுன்னாரு. பின்னாடி சொன்னத நான் விட்டுட்டேன்.”

ஆபரேட்டர் முகத்தை ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். அந்த வெளிச்சம் மட்டும்தான் அவருக்குத் தெரியும். பிறகு மேஜையைத் தடவிப் புத்தகத்தை எடுத்து அக்காவின் மடியில் வைத்தார்.

“அடக்கம் பண்ற அத்தியாயத்த வாசி. ஒரு வரி விடக்கூடாது. வண்டி லேட்டுன்னு சொல்வியே, அந்தக் குரல்ல.”

அக்கா வாசித்தார். குழிக்குப் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றும் இடத்தில் குரல் நின்றுவிட்டது.

“ம்” என்றார் ஆபரேட்டர்.

மறுபடி தொடர்ந்தது. கார்ச் சாவியும் கையுமாக டிரைவிங் மாஸ்டர் கடைசிவரை வாசலிலேயே நின்றார்.

புத்தகத்தை மூடியதும் ஆபரேட்டர் எழுந்து, எப்போதும்போல அக்காவின் தோளைத் தேடிக் கை வைத்தார்.

“அடுத்த புத்தகத்தையும் நீதான் வாசிக்கணும். ஆனா யாரு செத்தாலும் சொல்லிடு.”