கூடப் படித்தவன் போட்ட சண்டை

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த ஊரிலும் எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கொஞ்ச காலம் கண்டக்டராக இருந்தேன். காலை டிரிப்பில் பாதிக் கூட்டம் காலேஜ் பிள்ளைகள்தான்.

பையன்கள் செல்போனை முன்பாக்கெட்டில் வைத்து அதன்மேல் ஒரு கையையும் வைத்துக்கொள்வார்கள். அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது அவ்வளவுதான். வம்பு வந்தால் அடித்துக்கொள்ளலாம் என்ற தைரியம். பெண்பிள்ளைகள் ஏறும்போதே பையை முதுகிலிருந்து கழற்றி மார்போடு அணைத்துக்கொள்வார்கள். எவனாவது உற்றுப் பார்த்தால், அழைப்பே போகாத போனைக் காதில் வைத்து, "மாமா, ஸ்டாண்டுலயே நில்லுங்க, வந்துட்டேன்" என்பார்கள்.

அவர்களில் ஒருத்தி கான்சாபுரத்துப் பெண். துப்பட்டாவில் தேவைக்கு மேல் ஊக்கு குத்தியிருப்பாள்.

"என்னட்டி, ஊக்குக் கடை வைக்கப் போறியா?" என்று கேலி செய்தான் கூடப் படிக்கும் பையன்.

"இன்னும் போணி ஆகல. ஒனக்கு ஒண்ணு குத்தி ஆரம்பிக்கவாலே?"

ஒருநாள் நெரிசலில் பின்னால் நின்ற ஆள் அவள்மேல் கை வைத்தான். அவள் கத்தவில்லை. ஊக்கைக் கழற்றி அந்தக் கையில் ஒரு குத்து. அவன் கையை உதறிக்கொண்டு நகர்ந்துவிட்டான். அவளுக்குக் காரியம் அத்தோடு முடிந்தது. ஆனால் கேலி செய்த அந்தப் பையன் பார்த்துவிட்டான்.

"சும்மா இருலே," என்று அவன் சட்டையைப் பிடித்தாள். "வீட்டுக்குத் தெரிஞ்சா என் படிப்பு போச்சு."

"நீ ஏன்ட்டி பயப்படுத? நாங்க எதுக்கு இருக்கோம்?"

நல்ல எண்ணத்தில்தான் பாய்ந்தான். கூட்டாளிகளும் சேர்ந்து, பஸ்ஸை நிறுத்தி, அந்த ஆளை ரோட்டில் இறக்கி அடித்தார்கள். நான் விலக்கிவிடுவதற்குள் யாரோ செல்போனில் படம் எடுத்துவிட்டார்கள். தடுக்க ஓடிவந்த அவள் முகமும் அதில் தெளிவாக இருந்தது. சாயங்காலத்துக்குள் படம் கான்சாபுரம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் பையன் வீங்கிய கன்னத்தோடு ஏறினான். "அந்தப் புள்ள வரலையாண்ணே?"

எனக்குத் தெரியவில்லை. அவளோடு வரும் தோழிதான் சொன்னாள்: "அவ அப்பா நிப்பாட்டிட்டாவ. ஊரே பாத்துருச்சுல்ல. இப்ப சந்தோசமாலே?"



நான் படிப்பை நானாக விட்டேன். யாரையும் நொந்துகொள்ள முடியாது. அவள் தானாக விடவில்லை. நான் அந்த வேலையில் இருந்தவரை அவள் திரும்பி வரவேயில்லை. மற்றப் பெண்கள் வந்தார்கள். எவனாவது இடித்தால், கூடப் படிக்கும் பையன்கள் கண்ணில் படாமல் இடம் மாறி நின்றுகொண்டார்கள்.