அப்பா இடுப்புக்கு அளந்த அடுக்களை

தயிர்சாதத்துல மணல் கடிபட்டா எப்படி இருக்கும் தெரியுமா... நறநறன்னு, பல்லெல்லாம் கூசும். நான் பத்தாம் கிளாஸ் படிச்ச வருஷம் எங்க மணக்காட்டு வீட்டுல தின்ன எல்லாத்துலயும் அந்த மணல் இருந்துச்சு. சாம்பார்ல, தோசையில, தலையணையில கூட.

வீட்டுக்குப் பின்னால பழைய அடுக்களையை இடிச்சுட்டு புது அடுக்களையும் அதுக்கு மேல ஒரு ரூமும் கட்டிட்டு இருந்தோம். வேலை முடியுற வரைக்கும் வேற வீட்டுக்கு மாறலாம்னு யாராவது சொன்னா அப்பாவுக்கு ஜுரம் வந்துடும். சாலை பஜார்ல பருப்புக் கடை வச்சிருந்தவரு, வாடகைங்கிற வார்த்தையே ஆகாது. அதனால இடிக்கிற வீட்டுக்குள்ளயே குடியிருந்தோம்.

அப்பா, அம்மா, நான், ரெண்டு தம்பிங்க... எல்லாருக்கும் ஹால்லதான் படுக்கை. அம்மாவோட சமையல் மட்டும் முன்வாசல்ல, நீலத் தார்ப்பாய்க்கு அடியில. இடவப்பாதி, அதான் ஜூன் மாச மழை வேற பிடிச்சுக்கிச்சு. சாரல் அடிக்க அடிக்க, தரையில குத்தவச்சு உக்காந்து, பம்ப் ஸ்டவ்வை அடிச்சுக்கிட்டே இருப்பா. எங்களுக்குச் சாப்பாடு, வேலைக்காரங்களுக்கு டீ, மறுபடி டீ.

ஆனா ஒரு நாள் கூட முணுமுணுக்கல. ஏன்னா இந்த வேலையே அவ கேட்டு ஆரம்பிச்சது. பழைய அடுக்களையில தரை அடுப்பு. உக்காந்து எழுந்தே முட்டி ரெண்டும் போயிடுச்சு. "நின்னுக்கிட்டு சமைக்கிற மாதிரி ஒரு மேடை போட்டுத் தாங்க, வேற ஒண்ணும் வேண்டாம்"னு கேட்டா. கல்யாணமாகி வந்து அவ வாயைத் திறந்து கேட்ட ஒரே விஷயம் அதுதான்.

சரி, மேடை போடுற நாள் வந்துச்சு.

மார்த்தாண்டத்துக்காரர் மேஸ்திரி. "அண்ணாச்சி, மேடைக்கு எவ்வளவு பொக்கம் வைக்கணும்?"னு உயரத்தைக் கேட்டாரு. உடனே அப்பா யோசிச்சாரு. கூடவே எங்க பெரியப்பாவும் யோசிச்சாரு. பெரியப்பா ரிட்டயர்டு ஆபீசர், எதுக்கும் அபிப்பிராயம் வச்சிருப்பாரு. சுடுதண்ணி வைக்கத் தெரியாத ரெண்டு மனுஷங்க அடுக்களை நடுவுல நின்னு மாநாடு போடுறாங்க!

"அம்மாவைக் கூப்பிடட்டா?"ன்னு நான் கேட்டேன்.

"அவ டீ போட்டுட்டு இருக்கா, தொந்தரவு பண்ணாத"ன்னாரு பெரியப்பா.

கடைசியில மேஸ்திரி, "அண்ணாச்சி, நீங்களே வந்து ஒண்ணு நில்லுங்க"ன்னாரு. அப்பா போய் சுவரோரமா விறைப்பா நின்னாரு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி. அவர் இடுப்புக்கு மேல பென்சில்ல ஒரு கோடு. அவ்வளவுதான், முடிஞ்சுது. அப்பா ஆறடிக்குக் கொஞ்சம் கம்மி. அம்மா நின்னா அவர் நெஞ்சுக்குத்தான் வருவா.

இப்ப எழுதும்போது கூட எனக்குப் பத்திக்கிட்டு வருது.

பால் காய்ச்சுற அன்னைக்கு சொந்தக்காரங்க எல்லாம் வந்து கறுப்பு கிரானைட்டைத் தடவித் தடவிப் பார்த்தாங்க. அம்மா பட்டுப்புடவையில அடுப்பு முன்னால நின்னா. மேடை அவ நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழ. அதுக்கு மேல ஸ்டவ், அதுக்கு மேல பானை. பால் சட்டுன்னு பொங்கி, கிரானைட் மேல வழிஞ்சு, அவ புடவையெல்லாம் கொட்டுச்சு.

"பொங்கிடுச்சு, பொங்கிடுச்சு! நல்ல சகுனம்!"னு ஒரே குலவை.

அம்மா என் பக்கம் திரும்பி மெதுவா சொன்னா: "உள்ள ஒண்ணும் தெரியலைட்டி."

அடுத்த வாரமே அப்பாகிட்ட மேடையைக் கொஞ்சம் இறக்க முடியுமான்னு கேட்டா. "கிரானைட் போட்டாச்சு, இனி உடைக்கவா சொல்ற? போகப் போக பழகிடும்"னாரு. யாருக்குங்க பழகணும்? காலையில எழுந்து அங்க போய் நிக்கப் போறது யாரு?

பெரிய மனசு பண்ணி ஒரு மணை கொண்டு வந்து போட்டாரு. புது டைல்ஸ் வழுவழுன்னு இருக்கும். ஒரு நாள் மணை சறுக்கி, அம்மா கொதிக்கிற ரசத்தோட விழப் பார்த்தா. அதோட மணையும் பரணுக்குப் போயிடுச்சு. அதுக்கப்புறம் எக்கி எக்கியே சமைச்சா, தோள்வலி வந்துச்சு. தைலம், ஒத்தடம், பிழிச்சல்னு எல்லாம் பார்த்தாச்சு. மேடையை மட்டும் யாரும் தொடல.

அப்பா மட்டும் ஊர்ல இருந்து யார் வந்தாலும் அடுக்களையைக் காட்டக் கூட்டிட்டுப் போவாரு. மேடை மேல கையை ஊனி ஹாயா சாய்ஞ்சுக்கிட்டு, "பாருங்க, என்ன வசதி!"ம்பாரு. அவருக்கு வசதிதான்!

இப்ப அதே அடுக்களையை மறுபடி இடிக்கிறோம். குழாய் எல்லாம் கசியுது. இந்தத் தடவை அப்பாவையும் அம்மாவையும் என் பிளாட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டேன். சோத்துல மணல் இல்ல, தார்ப்பாய் இல்ல, டிசைன் எல்லாம் போன்லயே வருது. ஆனா எல்லாரும் வரிசையா ஹால்ல படுத்துக்கிட்டு, மழை ஒழுகுற எடத்துக்கு யார் பாத்திரம் வைக்கிறதுன்னு சண்டை போட்டோமே... அதுவும் இல்ல. பொய் சொல்லல, அது கொஞ்சம் ஏக்கமாத்தான் இருக்கு.

போன வாரம் மணக்காட்டு வீட்டுக்கு இன்ஜினியர் பையன் வந்தான், மலையாளி. "மேடம், ஹைட் ஸ்டாண்டர்டு தன்னெ"ன்னான், ஸ்டாண்டர்டு உயரம்தானாம். "யாருப்பா அந்த ஸ்டாண்டர்டு? அவரை வந்து சமைக்கச் சொல்லு"ன்னு மலையாளத்துல ஒரு கத்து கத்திட்டு, அம்மாவை ஆட்டோ வச்சுக் கூட்டிட்டு வந்தேன்.

"எனக்கு எதுக்குட்டி இனிமே அளவு? உன் உயரத்துக்கு வச்சுக்கோ"ன்னா. விடல. சுவரோரமா நிக்க வச்சேன். அவன் டேப்பை நீட்டி முழங்கைகிட்ட பிடிச்சான்.

எதேச்சையா நான் கீழ பார்த்தேன். அம்மாவோட குதிகால் ரெண்டும் தரையில இல்ல.

"அம்மா, குதிகாலைக் கீழ வைம்மா."

"கீழதான வச்சிருக்கேன்"னா.

நான் குனிஞ்சு, ரெண்டு கையாலயும் அவ பாதத்தை அழுத்தித் தரையில வச்சேன். பிடிச்சுக்கிட்டே, இப்ப அளங்கன்னு சொன்னேன்.