நான் வெட்டிய "பு."

வெள்ளவத்தையில் டியூஷன் குறிப்புகளைத் தட்டச்சு செய்து அச்சடிக்கும் கடையொன்றில் பத்தொன்பது வருடம் பிழைதிருத்தினேன். என் தவறுகளை நாள், கிழமையோடு ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். இன்றும் என்னை உலுக்கும் பக்கம் ஒரு சனிக்கிழமை காலை 9.10 மணிக்குத் தொடங்குகிறது. திங்கட்கிழமை உயர்தர உயிரியல் பரீட்சை.

உயிரியல் படிப்பிக்கும் சுகந்தி டீச்சர், நாங்கள் அச்சடித்து ஏற்கெனவே மாணவர் கைக்குப் போய்விட்ட குறிப்பைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

"அண்ணை, ஏழாம் பக்கத்தை வாசியுங்கோ."

"தாவரக் கலங்களில் மையப்பாத்து இல்லை" என்று வாசித்தேன்.

"மையப்பாத்து இல்லாட்டி நிறமூர்த்தத்தை எதில பிடிச்சு இழுக்கிறது? நீங்கள் போய் இழுப்பியளோ?"

கடதாசியின் பின்பக்கத்தில் படம் கீறினார். கலம் (செல்) பிரியுமுன் இரட்டித்த நிறமூர்த்தத்தின், அதாவது குரோமோசோமின், இரண்டு இழைகளும் ஓரிடத்தில் இடுக்கிக் கட்டியதுபோல் சேர்ந்திருக்கும். அதுதான் மையப்பாத்து. கதிர்நார்கள் இரு பக்கமிருந்தும் அங்கேதான் பற்றி இழுக்கும். கட்டு விட்டதும் ஆளுக்கொரு இழை எதிரெதிர் முனைக்குப் போகும். மையப்பாத்து இல்லாத துண்டு இழுக்க ஆளில்லாமல் நடுவழியில் தொலையும். உயர்தாவரங்களில் இல்லாதது புன்மையத்தி; விலங்குக் கலங்களில் கதிர்நார்கள் புறப்படும் முனையில் இருக்கும் சிறு உறுப்பு. அது இல்லாமலே தாவரங்களில் கதிர்நார்கள் உருவாகும்.

கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். டீச்சர் மையப்பாத்தை "மை." என்றும், புன்மையத்தியை "பு.மை." என்றும் சுருக்கியிருந்தார். நான் கணினியில் எல்லா "மை."யையும் ஒரே தட்டில் "மையப்பாத்து" ஆக்கியிருந்தேன். ஏழாம் பக்கத்தில் "பு.மையப்பாத்து" என்று வந்தது. அந்தப் "பு."வைத் தட்டச்சுப் பிழை என்று வெட்டியதும் நானே.

மாணவர் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் திருத்தம் போனது. மட்டக்குளி மாணவி நிரோஷா மட்டும் பார்க்கவில்லை; அவளுடைய போனும் வேலை செய்யவில்லை. டீச்சரிடம் அவள் விலாசத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் தன் செய்முறைக் கொப்பியை விரித்தாள். வெங்காய வேர்நுனியை நுணுக்குக்காட்டியில் பார்த்து வரைந்த படம். வளைந்து இழுபடும் நிறமூர்த்தத்தின் கூரில் "மையப்பாத்து" என்று குறித்திருந்தாள். அதன் குறுக்கே சிவப்புக் கோடு.

"ஆர் பிள்ளை வெட்டினது?"

"நான்தான், அங்கிள். கண்ணால கண்டுதான் எழுதினனான். ஆனா உங்கட அச்சில இல்லையெண்டு கிடந்தது. அச்சில பிழை வராதெண்டு நம்பினனான்."

அவளுடைய பேனையை வாங்கி, வெட்டுப்பட்ட சொல்லுக்கு மேலே அதையே திரும்ப எழுதிக் கொடுத்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: உங்களுக்கு விளங்காத எழுத்தெல்லாம் பிழையான எழுத்து அல்ல. வெட்டுமுன் எழுதியவருக்கு ஒரு போன் எடுங்கள். நான் எடுக்கவில்லை.