எக்ஸுக்குப் பதிலாக அடித்த எழுத்து

என் கணவர் கட்டாருக்கு வேலைக்குப் போனபோது மகளுக்கு மூன்று மாதம். அவள் பேசத் தொடங்கியதும் ஒவ்வொரு சொல்லையும் பதிவுசெய்து வைத்தேன். நாவற்குடாவில் கணினி வகுப்பு நடத்துகிறவள் நான். பதிவுகளையெல்லாம், பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் என்ற கணினிக் கட்டளையால் ஒரே கோப்பாகக் கட்டி, கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த அவருடைய வாழைச்சேனை நண்பரிடம் பென் டிரைவில் கொடுத்தனுப்பினேன். அடுத்த கிழமையே என் கணினி பழுதாகி, என்னிடமிருந்த பிரதி போய்விட்டது.

பென் டிரைவ் கிடைத்ததும், வெள்ளிக்கிழமை மத்தியானம் கணவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய அறையில் இருந்தது பழைய லினக்ஸ் கணினி. கட்டைப் பிரிக்கும் கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

“புள்ள, இது இங்கிலீசில என்னவோ ஏசுது.”

“எக்ஸ்தானே அடிச்சீங்க?”

“லைன் இரைச்சலில சீ எண்டெல்லோ எனக்குக் கேட்டுது.”

எக்ஸ் என்றால் பிரிப்பது. சீ என்றால் புதிதாகக் கட்டுவது. பழைய கோப்பின் மேலேயே புதியது எழுதப்பட்டிருந்தால்?

திரையில் இருந்ததை வாசிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டி வாசித்தார். உள்ளே வைக்க ஒன்றும் கொடுக்காததால், வெறும் கட்டொன்றைக் கட்ட டார் மறுத்திருந்தது.

“ஒண்டும் அழியல்ல. இப்ப எக்ஸ் போடுங்க.”

அவர் விசைகளைத் தட்டி, பிரிந்து வந்த பதிவுகளில் ஒன்றைத் திறந்தார். பிறகு தொலைபேசிக்குள் மகளின் குரல் கேட்டது: “அப்பா, வாங்க.”

“என்னைத்தானே கூப்பிடுறாள்?” என்றார்.

“ஓம்.”

என் மடியிலிருந்த மகள், அது தன் குரலென்று தெரியாமல், வேறு யாரோ பிள்ளை தன்னைக் கூப்பிடுகிறதென்று நினைத்து, தொலைபேசிக்கருகில் வாயைக் கொண்டுபோய், “வாறன்” என்றாள்.