பூ உதிர வேண்டிய வரிசை

ஞாயிற்றுக்கிழமை பகல் ஒன்றே முக்கால் மணிக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. கம்பெனி லீவு. வீட்டில் சும்மா கிடக்காமல் மொட்டைமாடிக்கு ஏறிப் போனேன்.

அங்கே மகளின் மிளகாய்த் தொட்டிகள் இருந்தன. வேளாண்மைக் கல்லூரியில் அவளுக்குக் கடைசி வருஷம். ஓர் ஆய்வு செய்து காட்டினால்தான் பட்டம். ஒரு வரிசை பச்சை வலைக்குக் கீழே குளுகுளுவென்று நின்றது. இன்னொரு வரிசை வெட்டவெளியில் துவண்டு கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளைப் பூ காம்போடு கழன்று விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

பூ போனால் காய் போச்சு, காய் போனால் பட்டம் போச்சு என்று கணக்குப் போட்டேன். நான் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெயில் ஏறினால் வேலையை நிறுத்து, ஆளை நிழலுக்கு அனுப்பு, ஈரச் சாக்கை விரி. இதில் யோசிக்கிற பழக்கமே எங்களுக்குக் கிடையாது. வெயிலில் நின்ற தொட்டிகளைப் படிக்கட்டு நிழலுக்கு இழுத்தேன். சுற்றிலும் ஈரச் சாக்கு. பழைய டேபிள் பேன் ஒன்றையும் போட்டுவிட்டேன்.

கோடையில் எங்களுக்கு மத்தியானமே வேலை முடிந்துவிடும். அதனால் தினமும் இதே சேவை. மகள் கல்லூரியிலிருந்து வருவதற்குள் தொட்டிகள் பழைய இடத்துக்குப் போய்விடும். தொட்டால் திட்டுவாள் என்ற பயம்தான்.

சில வாரத்தில் பிஞ்சு பிடித்தது. மகளுக்கோ முகம் வாடியது.

"இம்புட்டு வெயில்ல பூ எப்படிப்பா நிக்குது? படிச்சதுக்கெல்லாம் நேர்மாறா இருக்கே!"

"நிக்காம எங்க போகும்? அப்பா இருக்கேன்ல" என்று பயத்தை மறந்து, தினமும் நிழலுக்கு இழுத்ததைச் சொல்லிப் பெருமையாகச் சாக்கைக் காட்டினேன்.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, அது உதிரணும்ப்பா! சூடு கூடுனா மகரந்தம் செத்துப்போகும், காய் பிடிக்காது, செடி பூவை உதிர்த்துரும். அதனால விளைச்சல் எம்புட்டுக் குறையுதுன்னு பாக்கத்தானே வெயில்ல வச்சேன்! அடுத்த வாரம் காலேஜ் மேடம் செடியைப் பாக்க வாறாங்க."

"பிள்ளை தும்முனாலே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுற மனுசன்" என்றாள் மனைவி. "செடிய மட்டும் விட்டுருவீகளாக்கும்?"

சொல்லிவிட்டு அவளே கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். "இருக்கன்குடித் தாயே, இந்தச் செடி நல்லா வாடணும். பொங்கல் வைக்கிறேன்."

வெயில் கேட்டு மாரியம்மனிடம் வேண்டியது எங்கள் குடும்பம் ஒன்றாகத்தான் இருக்கும். மறுநாளே வானம் கருத்துக் கோடைமழை கொட்டியது. ஊரே கொண்டாடியது. நாங்கள் மூவரும் ஜன்னலில் நின்று துக்கம் காத்தோம். செடிகள் தளதளவென்று சிரித்தன.  

கடைசியில் பேராசிரியை குடையோடு வந்து சேர்ந்தார். மகள் ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் மாடியேறி, சாக்கைப் பார்த்தார், பேனைப் பார்த்தார், கொஞ்ச நேரம் என்னையும் பார்த்தார்.

"மழை வெறிச்சு வெயில் வரட்டும்மா. புதுச் செடி வச்சு மறுபடி ஆரம்பி, நாள் தள்ளித் தாரேன்" என்று மகளிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், செடி மாடியில இருக்கட்டும். நீங்க கீழ இருங்க."