போருக்குப் பிந்தைய அமெரிக்காவும் மந்தைவெளியில் ஒரு வீடும்

அமெரிக்காவில் வளரும் நம்மவர் பிள்ளைகளுக்கு அமெரிக்க வரலாறு சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. ஆழ்வார்பேட்டை டியூஷன் சென்டர் ஒன்றில், காலை ஆறு மணிக்கு, கம்ப்யூட்டர் முன்னால். அவர்களுக்கு அது சாயங்காலம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலம் என் பங்கு. வாடகைக்கு வீடு தேடிச் செருப்புத் தேய்ந்த அன்பர்களே, மீதி உங்களுக்குப் புரியும்.

எட்டாவது மாடி

அடையாற்றங்கரையில் இருந்த எங்கள் வீட்டை அரசாங்கத்தில் இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே எட்டாவது மாடியில் ஒன்று கொடுத்தார்கள். அங்கே நெட் நிற்காது. முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் பல நாள் வகுப்புக்குத் தாமதம்தான். இன்னொரு தடவை தாமதமானால் வகுப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக சென்டர் ஓனர் சொல்லிவிட்டார். பக்கத்தில் வீடு பிடித்தே ஆகவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் ஊருக்கு வெளியே வீடு வாங்க அரசாங்கமே கைகொடுத்தது. வாசலில் கார், சமையலறையில் ஃபிரிட்ஜ். அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். “நம்மளயுந்தான் ஊருக்கு வெளிய கொண்டாந்து வுட்டானுங்க. காரு எங்கடா?”

சாவியும் ஆணியும்

மந்தைவெளி புரோக்கர் நல்ல மனிதர். டீ கூட அவர்தான் வாங்கித் தந்தார். முதல் வீட்டில் என்ன சாப்பிடுவேன் என்று கேட்டார்கள். கறி வேண்டுமென்றால் வெளியே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றேன். சொல்லும்போதே என் மேல் எனக்கு எரிச்சல். அடுத்த வீட்டில் சொந்த ஊர் கேட்டார்கள். மெட்ராஸ்தான் என்றேன். மெட்ராஸில் எங்கே என்றார்கள். சொன்னதும் சாவி திரும்ப ஆணிக்குப் போய்விட்டது.

கறியையே விட்டுவிட்டேன் என்று இனிமேல் சொல்லிப் பார்க்கட்டுமா என்று புரோக்கரிடம் கேட்டேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “கறிய வுட்டாலும் வூடு கெடைக்காது நைனா. அவங்க கேக்குறது சாப்பாட்ட இல்ல.”

ஓனர் கூப்பிட்டார்

கம்யூனிஸ்ட் என்று சந்தேகம் வந்தாலே வேலை பறிபோன காலத்தை ஒருநாள் நடத்தினேன். வகுப்பு முடிந்ததும் ஓனர் கூப்பிட்டு, பெற்றோர்கள் பின்னால் உட்கார்ந்து கேட்கிறார்கள், அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் முடிச்சுப் போட வேண்டாம் என்றார். நான் எங்கே போட்டேன்? “ஹிஸ்டரி நடத்துங்க சார், பாலிடிக்ஸ் மட்டும் வேணாம்.”

மயிலாப்பூர் ஃபிளாட்

என் மாணவர்களில் வர்ஷா கெட்டிக்காரி. சிப்பாய்களுக்குக் கட்டிய அந்தப் புது வீடுகளைக் கறுப்பர்களுக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதினார்கள், அவர்கள் வந்தால் தெருவில் வீட்டு விலை இறங்கிவிடும் என்று காரணமும் சொன்னார்கள் என்றபோது, அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரம் நான் தாமதமாக வந்தேன்; நல்லவேளை, ஓனர் அன்று வரவில்லை. காரணம் கேட்டாள், சொன்னேன். மயிலாப்பூரில் எங்கள் ஃபிளாட் காலியாகத்தானே இருக்கிறது என்று ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிவந்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மனசுக்குள் சாமானெல்லாம் இறக்கிவிட்டேன்.

மனிதர் மரியாதையாகத்தான் பேசினார். எங்கே வளர்ந்தேன், அப்பா என்ன வேலை பார்த்தார் என்று பொறுமையாக விசாரித்தார். பிறகு, தனக்கு ஆட்சேபணையே இல்லை, பில்டிங்கில் இருப்பவர்கள்தான் ஒரு மாதிரி, நாளைக்கு விற்கப் போனால் விலை போகாது என்றார். வர்ஷா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. என்னை விட்டால் அவளுக்கு வேறு வாத்தியார் சரிப்படாது என்று புகழ்ந்துவிட்டு, ஒரு சின்ன உதவி வேண்டும் என்றார். “அடுத்த வாரத்துலேர்ந்து வர்ஷாவுக்கு டான்ஸ் கிளாஸ் இருக்கு சார். நீங்க ஒரு அரை மணி முன்னாடியே வந்துட்டா சௌகரியமா இருக்கும்.”

கறுப்பர்களுக்கு வீடு மறுத்த அநியாயம் சட்டம் போட்டதும் ஒழிந்தது என்று புத்தகத்தில் ஒரே வரியில் முடிகிறது. அந்த வரியை நடத்திவிட்டு வீடு போய்ச் சேர நான் இரண்டு பஸ் மாற வேண்டும்.