ரத்னாபாய் மாற்றாத எழுத்து

பழவங்காடியில் ஒரு சிறிய அச்சகத்தில் ரத்னாபாய் அச்செழுத்துக் கோர்க்கும் கம்போசிட்டராக இருந்தாள். பாறசாலைக்காரி. படிப்பு நாலாம் பாரத்தோடு நின்றுவிட்டது. ஆனால் தமிழ், மலையாளம், இங்கிலீஷ் எதைக் கொடுத்தாலும் அவள் கோர்த்த பக்கத்தில் பிழை தேடுவது கஷ்டம்.

1952-இல் ஓர் இலக்கியக் கூட்டத்துக்கு அழைப்பிதழ் அச்சடிக்க வந்தது. நகரத்து 'லிட்டராட்டி' அனைவரும் வருக என்று இங்கிலீஷில் கையால் எழுதியிருந்தது. அவள் அப்படியே கோர்த்தாள். புரூஃப் பார்த்த ஃபோர்மேன் நேசமணி அந்தச் சொல்லைச் சுழித்தார்.

"இப்படி ஒரு வார்த்தை உண்டா பிள்ளே? லிட்டரேட்டுன்னு மாத்து. கடைசியில ஐ (i) வராது, ஈ (e)."

"இல்லண்ணே, ஐதான். மேல புள்ளி இருக்குல்லா?"

"அது மை தெறிச்சது. எனக்கு இருபது கொல்லம் சர்வீஸ், கேட்டியா?"

அவள் வாதாடவில்லை, மாற்றவும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமல் வைத்துவிட்டு, புரூஃபோடு ஸ்ரீவராகத்துக்கு நடந்தாள். அழைப்பிதழை எழுதிக் கொடுத்த காலேஜ் லெக்சரர் பஞ்சாபகேசன் வீடு அங்கேதான். தான் சொன்னது தப்பென்றால் பிரஸ் முழுக்கச் சிரிக்குமே என்று வழியெல்லாம் புரூஃபை விரித்து விரித்து அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டாள்.

அவர் வாசலில் நின்றே படித்தார். "நீ கோர்த்ததுதாம்மா சரி."

"அதுக்கு என்ன அர்த்தம் சாரே?"

"லத்தீன்ல லித்தெரான்னா எழுத்து. எழுத்து அறிஞ்சவா லிட்டராட்டி. இங்கிலீஷ்ல இப்போ கத்தறிஞ்ச கூட்டத்துக்கே அந்தப் பேர். லத்தீன்ல ஒருத்தரைச் சொன்னா லிட்டராட்டஸ். பொம்மனாட்டின்னா லிட்டராட்டா."

"பெண்ணுக்குத் தனியா வார்த்தை உண்டா?"

"அந்தக் காலத்துலேயே இருந்திருக்கே!"

திரும்பும்போது அவள் கால்கள் தரையில் பாவவில்லை.

நேசமணி கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார். சாயங்காலம் முதலாளியிடம் அவரே போய்ச் சொன்னார்: "இனி இங்கிலீஷ் புரூஃப் ரத்னாபாய் பாக்கட்டு. என்னைக் காட்டிலும் அவளுக்குக் கண்ணு கூர்மை."

அந்த வாரமே பஞ்சாபகேசன் அனுப்பிய ஓர் அழைப்பிதழ் அவள் பெயருக்கு வந்தது. கோயிலுக்கு உடுத்தும் வெள்ளைச் சேலையில் கூட்டத்துக்குப் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த அம்மாள் விசாரித்தார்: "நீங்க எந்தக் காலேஜ்?"

"காலேஜ் இல்ல. பழவங்காடி பிரஸ்ல கம்போசிட்டர்," என்றாள் ரத்னாபாய், முன்வரிசைக்கும் கேட்கும்படி.